ரிப்பன் ஒலிபெருக்கி: பெரியதாக மாற்றலாமா?

நம் சங்கத்து இசைப் பிரியர்கள் சிலர் அண்மைக் காலமாக என்னிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு வருகிறார்கள். "உங்கள் வீட்டில் பெட்டியே இல்லாமல் கதவு மாதிரி நிற்கிறதே, அது என்ன ஸ்பீக்கர்? நாங்களும் வாங்கலாமா? அதிலேயே பெரியது வாங்கினால் இன்னும் நன்றாக இருக்குமா?" முதல் இரண்டுக்கும் பதில் சொல்வது சுலபம். மூன்றாவது கேள்வியோடு நானே எட்டு மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன். அப்போது படித்தது, அளந்தது, கேட்டது எல்லாவற்றையும் ஒரு பாடமாக இங்கே எழுதுகிறேன். கணக்கு பெருக்கலுக்கு மேல் போகாது, பயப்பட வேண்டாம்.

ரிப்பன் என்பது என்ன?

நம் வீடுகளில் உள்ள சாதாரண ஸ்பீக்கரில் ஒரு காகிதக் கூம்பு இருக்கும். அதன் அடியில் சுருள் கம்பி, அதைச் சுற்றிக் காந்தம். சுருளில் மின்சாரம் பாயும்போது கூம்பு முன்னும் பின்னும் ஆடிக் காற்றைத் தள்ளுகிறது. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்ற இருவர் 1925-இல் வெளியிட்ட அமைப்புதான் இன்றைக்கும் அடிப்படை. நூறு ஆண்டுகளில் காகிதமும் பசையும் மாறியிருக்கின்றன, தத்துவம் மாறவில்லை.

ரிப்பனும் அதே வயதுடையதுதான். ஜெர்மனியில் வால்டர் ஷாட்கி, எர்வின் கெர்லாக் இருவரும் 1924-இல் ரிப்பன் மைக்கை உருவாக்கினார்கள். அதே அமைப்பைத் திருப்பி இயக்கினால் ஒலிபெருக்கி. சுருளும் கிடையாது, கூம்பும் கிடையாது. இரண்டு காந்தங்களுக்கு நடுவே மெல்லிய அலுமினிய நாடா ஒன்று தொங்குகிறது. சமையலறையில் சப்பாத்தி சுற்றி வைக்கும் அலுமினியத் தாளைவிட அது மெல்லியது. மின்சாரம் அந்த நாடாவிலேயே பாய்கிறது; நாடாவே ஆடுகிறது. எடை ஏறக்குறைய இல்லை என்பதால் சட்டென்று கிளம்பும், சட்டென்று நிற்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் விரல் பட்ட அந்த நொடி கூர்மையாக விழுவதற்கு இதுதான் காரணம்.

ரிப்பன் என்று விற்கப்படுவதெல்லாம் ஒரே சாதி அல்ல. இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போகக்கூடாது. முதல் வகை அசல் ரிப்பன்: நாடா மட்டும், தாங்குவதற்குப் பின்னால் எதுவும் இல்லை. இரண்டாவது வகையில் பிளாஸ்டிக் தாள் மீது அலுமினியப் பட்டைகள் ஒட்டியிருக்கும். அரை ரிப்பன் என்று சொல்லலாம். கொஞ்சம் கனம் கூடும், ஆனால் உறுதி அதிகம், விலை குறைவு. என் வீட்டில் இருப்பது மேக்னபேன் கம்பெனியின் சின்ன மாடல். 3எம் கம்பெனியில் பொறியாளராக இருந்த ஜிம் வைனி என்பவர் மினசோட்டா மாநிலத்தில் 1969-இல் தொடங்கிய கம்பெனி அது. என்னுடையது 4 அடி உயரம், ஒன்றேகால் அடி அகலம், ஓரங்குல கனம். முழுவதும் அரை ரிப்பன். நான் ஆசைப்பட்டது 3.7ஐ என்ற மாடல். கிட்டத்தட்ட 6 அடி உயரம், 2 அடி அகலம். உயர் சுருதிகளுக்கு நீளமான அசல் ரிப்பன் அதில் தனியாக உண்டு. என் மனைவி படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ரெண்டு பீரோக் கதவை ஹால் நடுவுல நிறுத்தப் போறீங்களா?"

நடுவில்தான் நிறுத்த வேண்டும்

அவள் கேலியாகச் சொன்னது தொழில்நுட்ப ரீதியாக முழு உண்மை. பெட்டி ஸ்பீக்கரில் கூம்பின் முதுகுப்பக்க ஒலியைப் பெட்டி அடைத்துவிடுகிறது. பலகை ஸ்பீக்கருக்குப் பெட்டி இல்லாததால் முன்னால் எவ்வளவு ஒலி வருகிறதோ, பின்னாலும் அவ்வளவே வரும். ஆனால் தலைகீழாக: முன்புறம் காற்று தள்ளப்படும்போது பின்புறம் இழுக்கப்படுகிறது. பலகையின் பக்கவாட்டில் இரண்டும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். என் வீட்டுக்கு வருபவர்கள் பலகையின் விளிம்புக்கு நேராகக் காதை வைத்துப் பார்க்கலாம். பாட்டு தேய்ந்துபோவது தெரியும்.

இதில் நன்மையும் உண்டு, தொல்லையும் உண்டு. பக்கச் சுவர்களில் ஒலி குறைவாக மோதுவதால் சிறிய அறையிலும் குரல் தெளிவாக இருக்கிறது. தொல்லை, பின்சுவர். பின்னால் போன ஒலி சுவரில் பட்டுத் திரும்பி முன்னொலியோடு கலக்கிறது. சுவரிலிருந்து 1 அடி தள்ளி வைத்தால் திரும்பும் ஒலி மிகச் சீக்கிரம் வந்து முன்னொலியைக் கலக்கிவிடும். 3 அடி தள்ளினால் போய்த் திரும்ப 6 அடி. நொடியில் ஆயிரத்தில் 5 பங்கு தாமதமாகிறது. அந்தத் தாமதம் வந்தவுடன் காது அதைக் குழப்பமாக எடுத்துக்கொள்ளாமல் அரங்கத்தின் ஆழமாக எடுத்துக்கொள்கிறது. மும்பை ஃப்ளாட்டில் 3 அடி என்பது சொத்து விவகாரம். எங்கள் ஹால் 16 அடிக்கு 10 அடி. பத்தடிச் சுவர் பக்கம் 2 அடி அகலப் பலகைகள் இரண்டை 3 அடி முன்னால் நிறுத்தினால், பால்கனிக்குப் போகிற வழி ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுக்குச் சுருங்கிவிடும். எண்பத்தெட்டு வயது அம்மா அந்த வழியாகத்தான் காலையில் வெயில் காயப் போகிறாள்.

நிற்க. பின்சுவருக்கு அப்பால் ஒரு குஜராத்திக் குடும்பம் இருக்கிறது. பலகையின் முதுகு ஒலி நேராக அவர்கள் சுவரைத்தான் தட்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபெல்தான் வரம்பு. விதியை விடுங்கள், நாற்பது வருட அண்டை வீட்டு உறவு இருக்கிறதே.

கீழ்ச்சுருதிக்கும் இதே கதைதான். தாழ்ந்த சுருதி ஒலியின் அலை நீளமானது; பலகையைச் சுலபமாகச் சுற்றிக்கொண்டு பின்னொலியோடு சேர்ந்து அழிந்துபோகும். அதனால்தான் பலகை பெரிதாக இருந்தால் கீழொலி கூடுகிறது. என்னுடையதற்குக் கம்பெனி தரும் கீழ் எல்லை 50 ஹெர்ட்ஸ், பெரியதற்கு 35. ஆனால் அறைக்கும் இதில் பங்கு உண்டு. 16 அடி நீள அறை 35 ஹெர்ட்ஸ் அருகேயும், 10 அடி அகலம் 56 ஹெர்ட்ஸ் அருகேயும் தானாக முழங்கும். ஆக அந்தப் புதிய 35 ஹெர்ட்ஸ் என் ஹாலில் சரியான அளவில் கேட்காது. உட்காரும் இடத்தைப் பொறுத்து ஒன்று வீங்கும், இல்லாவிட்டால் காணாமல் போகும்.

ஆம்ப்ளிஃபயர் செலவை மறக்கக்கூடாது

பலகை ஸ்பீக்கர்கள் சோற்றுக்குக் கேட்கிற பிள்ளைகள் மாதிரி. என்னுடையதும் பெரியதும் ஒரே அளவு உணர்திறன்தான்: 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபெல். 4 ஓம் என்பதால் அந்த 2.83 வோல்ட் 2 வாட்டாகிறது. 8 ஓம், 89 டெசிபெல் உள்ள நல்ல பெட்டி ஸ்பீக்கர் ஒன்றுக்கு அதே வோல்ட் 1 வாட்தான். அந்த 89-ஐ என் பலகையில் எட்ட 4 வாட் வேண்டும். ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் வாட் இரட்டிக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரிசீவரையோ ஹோம் தியேட்டர் பெட்டியையோ இதோடு இணைத்தால் அது சூடாகி அணையும். 1980-களில் பேர் வாங்கிய அப்போஜி கம்பெனியின் சின்டில்லா என்ற ரிப்பன் ஸ்பீக்கர் 1 ஓம் வரை இறங்கும். நல்ல நல்ல ஆம்ப்ளிஃபயர்களைப் படுக்க வைத்தது என்று இன்றைக்கும் கதை சொல்வார்கள். அந்தக் கம்பெனி 1999-இல் மூடப்பட்டது. பழைய ரிப்பன் ஸ்பீக்கர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்க நினைப்பவர்கள், நாடா கிழிந்தால் யார் மாற்றித் தருவார்கள் என்று முதலில் கேளுங்கள். நம் கடலோர ஊர் உப்புக் காற்றும் ஆடி மாத ஈரமும் மெல்லிய அலுமினியத்துக்கும் பசைக்கும் ஆகாதவை.

ஸ்பீக்கர், அதற்குத் தகுந்த ஆம்ப்ளிஃபயர், கப்பல் கூலி, வரி எல்லாம் சேர்த்து எனக்கு வந்த விலைக்குறிப்பு 11 லட்சம் ரூபாய். ஓய்வு பெற்றவன் வங்கியில் போட்டு வைத்திருக்கும் பணத்தில் அது எத்தனை பங்கு என்பது வீட்டுக்கு வீடு மாறும். எங்கள் வீட்டில் அது சிறிய பங்கு அல்ல.

நம் சங்கீதத்துக்கு என்ன வேண்டும்?

ஒரு கட்டையில் பாடும் ஆணின் மத்திய ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு 196. அந்த ஆணுக்குச் சுருதி சேர்த்த தம்புராவின் மந்தரத் தந்தி 65. ஆக நம் கச்சேரிக்கு 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதிக வேலை இல்லை. சர்ச் ஆர்கனோ சினிமா வெடிச் சத்தமோ கேட்பவர்களுக்குக் கணக்கு வேறு.

நம் இசையின் உயிர் மேலடுக்கில் இருக்கிறது. தம்புராவின் ஜீவா என்கிறோமே, பாலத்தில் நூல் வைத்தவுடன் எழும் அந்த ரீங்காரம், அது மூல சுருதியில் இல்லை. அதன் மடங்குகளில் இருக்கிறது. நம் சர் சி.வி. ராமன் கல்கத்தாவில் வேலை பார்த்த காலத்தில் இதைத்தான் ஆராய்ந்தார். சாதாரண தோல் வாத்தியங்களின் ஒலி ஒழுங்கற்ற மடங்குகளாகச் சிதறும்போது, சாதம் போட்ட நம் மிருதங்கம் மட்டும் ஒழுங்கான மடங்குகளைத் தருகிறது என்று 1920-இல் நேச்சர் இதழில் எழுதினார். தம்புரா, வீணைப் பாலங்களைப் பற்றி மறு வருடமே எழுதினார். வெளியூர் போன தமிழர் ஒருவர் அங்கே உட்கார்ந்துகொண்டு நம் வாத்தியத்தைப் பற்றி உலகத்துக்குச் சொன்ன கட்டுரைகள் அவை. நல்ல ரிப்பன் இந்த மேலடுக்குகளை அசாத்தியமாகக் காட்டும். தம்புரா, வீணை, வயலின், பெண் குரல் ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல ஸ்பீக்கரை நான் கேட்டதில்லை. தவிலுக்கும் நாகஸ்வரத்துக்கும் இது போதாது. அந்த இடிக்குப் பெரிய கூம்பு வேண்டும். மிருதங்கத்தின் தொப்பியில் வரும் கும்கிகூட என் பலகையில் கொஞ்சம் சதை குறைந்துதான் கேட்கிறது. கல்யாண மேளம்தான் உங்கள் விருப்பம் என்றால் இந்தப் பாடத்தை இங்கேயே நிறுத்திவிட்டுப் பெட்டி ஸ்பீக்கர் வாங்கப் போகலாம்.

எது அசல் என்பதிலும் நமக்கு ஒரு சிக்கல். ஷண்முகானந்தா அரங்கில் நாம் கேட்பதும் மைக் வழியாகச் சுவர் ஸ்பீக்கரில் வருவதுதானே! அதனால் சபா ஒலியை நான் அளவுகோலாக வைப்பதில்லை. வீட்டில் யாராவது மைக் இல்லாமல் தம்புராவோடு பாடுவது ஒன்றுதான் அளவுகோல்.

காதைச் சோதித்தேன்

பதினோரு லட்சத்துக்கு முன் சில நூறு ரூபாய் செலவழித்து ஒரு காது மருத்துவரிடம் போனேன். 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியாகக் கொடுத்து வரைபடம் போட்டுத் தந்தார்கள். 2000 வரை கோடு சமமாக இருக்கிறது. அதற்கப்புறம் மாடிப்படி போல இறங்கி, 8000-இல் இரண்டு காதிலும் நல்ல சரிவு. அறுபத்து நான்கு வயதுக்கு இது சகஜம் என்றார் மருத்துவர். பெரிய மாடலின் அசல் ரிப்பன் 40,000 ஹெர்ட்ஸ் வரை பாடும் என்று கம்பெனி எழுதியிருக்கிறது. 8000-க்கு மேலே என் பங்குக்கு வெளவால் வந்து கேட்டால்தான் உண்டு.

அவசரப்பட்டு ரிப்பன் வீண் என்று முடிவு கட்டக்கூடாது. 8000-க்குக் கீழேயும் அதற்கு வேலை இருக்கிறது. என் மனைவியும் மகளும் என்னைவிட நன்றாகக் கேட்கிறார்கள். அதனால் நேரிலேயே கேட்டுவிடலாம் என்று, பெரிய மாடல் வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் புணே வீட்டுக்கு மனைவியோடு போனேன். எனக்குப் பழகிய ஐந்து இசைத்தட்டுகளையும் எடுத்துப் போனேன். ஒப்பிடும்போது ஒரு விதி: ஒலியளவு இரண்டிலும் சமமாக இருக்க வேண்டும். 1 டெசிபெல் கூடுதலாக ஒலிப்பது எப்போதும் உயர்ந்ததாகத் தோன்றும். கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கைபேசியின் அளவுமானியை வைத்துச் சரிசெய்து, நண்பரின் பெட்டி ஸ்பீக்கரையும் ரிப்பனையும் மனைவி மாற்றி மாற்றிப் போட, நான் கண்ணை மூடிக்கொண்டு குறித்தேன்.

புதிய பதிவுகளில் ரிப்பனை ஒவ்வொரு முறையும் அடையாளம் கண்டேன். வயலினில் வில் நாரின் சொரசொரப்பு தனியாகக் கேட்டது. பாடகர் மூச்சு இழுப்பது கேட்டது. நண்பரின் ஹால் 24 அடி நீளம், பலகைகள் சுவரிலிருந்து 5 அடி தள்ளி. ஆசை இரட்டிப்பானது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். பிறகு அப்பா பதிவு செய்த கேசட் ஒன்றின் பிரதியைப் போட்டேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நாடாவின் இரைச்சல் மட்டும் ரிப்பனில் இன்னும் துல்லியமாகக் கேட்டது.

வீடு திரும்பியதும் ஒரு மாதம் நாங்கள் எதையெல்லாம் கேட்டோம் என்று நோட்டில் எழுதினேன். பாதிக்கு மேல் பழைய வானொலிப் பதிவுகளும் கேசட்டுகளும். மத்திய அலை வானொலியில் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இல்லாததை எந்த ரிப்பன் காட்டும்?

அப்பாவின் 112 கேசட்டுகள்

1978-லிருந்து 1991 வரை அப்பா பதிவு செய்தவை. மாட்டுங்காவில் எங்கள் பழைய வீட்டில் நடந்த வெள்ளிக்கிழமை பஜனை, நவராத்திரி, அம்மா பாடியது. அம்மா பாடி இப்போது இருபது வருடம் ஆகிறது. அந்தக் குரல் வேறெங்கும் கிடையாது.

இந்தக் கேசட்டுகளுக்குத்தான் முதல் சிகிச்சை என்று முடிவாயிற்று. கேசட்டில் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் ஓடுகிறது. அப்படியானால் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நாடாவில் பிடிக்கும் இடம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 5 பங்குகூட இல்லை. டெக்கின் தலை ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் மேலடுக்கு மொத்தமும் போய்விடும். பல வீடுகளில் "பழைய கேசட், மந்தமாகத்தான் இருக்கும்" என்கிறார்களே, பாதி நேரம் மந்தம் நாடாவில் இல்லை. பதிவு செய்த டெக்கின் சாய்வும் ஓட்டுகிற டெக்கின் சாய்வும் வேறாக இருப்பதுதான். தலைக்குப் பக்கத்தில் உள்ள சின்னத் திருகை மெல்லத் திருப்பி, மேலொலி மிகத் தெளிவாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு கேசட்டுக்கும் தனியாக.

லாமிங்டன் ரோட்டில் பழைய மூன்று தலை டெக் ஒன்று வாங்கி, பெல்ட் மாற்றி, சுத்தம் செய்து, கணினிக்கு மாற்றும் கருவியும் சேர்த்து 46,000 ரூபாய் ஆயிற்று. வெள்ளைப் பூஞ்சை படர்ந்த கேசட்டை அப்படியே டெக்கில் போடக்கூடாது. பூஞ்சை தலையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். நாடாவை அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால் திருகு உள்ள புதிய கூட்டுக்கு நாடாவை மாற்ற வேண்டும். 112 கேசட், சராசரி எழுபத்தைந்து நிமிடம். 140 மணி நேர வேலை, குறுக்கு வழி இல்லை. ஒரு பிரதி இங்கே, ஒரு பிரதி பெங்களூரில் மகள் வீட்டில்.

சின்னப் பலகைகளை வைத்துக்கொண்டேன். தரையில் டேப் ஒட்டி 3 அடிக்கு அடையாளம் போட்டிருக்கிறேன். அவை கனமில்லாதவை, கேட்கும்போது முன்னால் இழுத்து, முடிந்ததும் சுவரோடு தள்ளிவிடலாம். 6 அடி உயரப் பலகையை என் வயதில் தினமும் அப்படி நகர்த்த முடியாது. பின்சுவரில் புத்தக அலமாரி வைத்ததில் முதுகு ஒலி சிதறிக் குரல் இன்னும் தெளிவானது. பெரிய மாடலைப் பற்றி முடிவு செய்ய மகள் இரண்டு வருடம் தவணை கொடுத்திருக்கிறாள். பெரிய ஹால் உள்ள வீட்டுக்கு மாறினால் விஷயமே வேறு. உங்களில் யாருக்காவது 20 அடிக்கு மேல் ஹாலும், சுவரிலிருந்து தள்ளி வைக்க இடமும், கேட்பதில் பாதிக்கு மேல் நல்ல புதிய பதிவுகளும் இருந்தால், தாராளமாக வாங்குங்கள். புணேயில் கேட்டதை நான் மறக்கவில்லை.

இதுவரை 61 கேசட் மாற்றியாகிவிட்டது. அப்பா கேசட்டின் மேல் தேதி மட்டும்தான் எழுதியிருக்கிறார், பாடியவர் பேர் இல்லை. ஞாயிறு மாலை அம்மா செவிக்கருவியைப் போட்டுக்கொண்டு பலகைக்கு நேரே நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்கிறாள், நான் நோட்டில் எழுதிக்கொள்கிறேன். சென்ற வாரம் 1983 நவராத்திரி ஓடியது. அம்மா குரல் என்று நானும் மனைவியும் நினைத்துக்கொண்டிருந்தோம். அம்மா இரண்டு வரி கேட்டுவிட்டுக் கையை அசைத்தாள். "இது நான் இல்லடா, உன் அத்தை. நான் அப்ப சுண்டல் தாளிச்சிண்டு இருந்தேன். அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் கேக்கறது பார்."